அல்பாக்கா, லாமா குட்டிகளுக்கு ஹால்டர் பழக்கம்: கயிறு இறுகியதும் படுத்துவிடுகின்றன, எங்கே பிழை?

மேய்ச்சல்வெளி (கேள்வி)

வணக்கம். ஏழு மாத அல்பாக்கா குட்டிகள் மூன்று, அதில் ஒன்று ஆண். கூடவே ஒன்பது மாத லாமாக் குட்டி ஒன்று. பால் மறந்து ஐந்து வாரம் ஆகிறது, தீனி நன்றாக எடுக்கின்றன. அல்பாக்காக்கள் 28 முதல் 33 கிலோ, லாமா 70 கிலோவுக்குப் பக்கம். நகம் வெட்டவும் ஊசி போடவும் ஒவ்வொரு முறையும் மல்லுக்கட்ட வேண்டாமே என்று ஹால்டர் (மூக்கையும் காதுக்குப் பின்னாலும் சுற்றி மாட்டும் தலைப்பட்டை) போட்டு, அதில் கயிறு கோத்து நடக்கப் பழக்குகிறோம்.

நிலவரம் இது. ஹால்டரோடு கிட்டே போனாலே தலையை மேலே தூக்கிக்கொள்கின்றன. மாட்டிய பிறகு மூக்கைத் தரையிலும் முன்னங்காலிலும் தேய்க்கின்றன. கயிறு கொஞ்சம் இறுகினால் அல்பாக்காக்களில் இரண்டு மடங்கிப் படுத்துவிடுகின்றன, ஒன்று வாயைத் திறந்து மூச்சு விடுகிறது. லாமா நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிடுகிறது. ஒருவர் முன்னால் இழுக்க, ஒருவர் பின்னால் தள்ள வேண்டியிருக்கிறது.

ஹால்டர் நைலான் பட்டையில் ஆனது. முன்னால் நழுவுகிறது என்று மூக்குப்பட்டையை நன்றாக இறுக்கி வைத்திருக்கிறோம். காதுக்குப் பின்னால் போகும் பட்டை தொண்டையை அழுத்தக் கூடாது என்று மூன்று விரல் போகிற அளவுக்குத் தளர்வாக விட்டிருக்கிறோம். கம்பத்தில் ஒரு மணி நேரம் கட்டிப்போட்டால் தானாகவே பழகிவிடும் என்று ஒரு யோசனை வந்தது, இன்னும் செய்யவில்லை. தீனி காட்டிப் பழக்கலாமா, ஒரு தடவைக்கு எத்தனை நிமிடம் என்பதையும் சொல்லுங்கள்.

நெடுங்கழுத்து

கம்பத்தில் கட்டாமல் விட்டது நல்லது. அதைப் பிறகு பார்ப்போம். கயிற்றையும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள், முதலில் ஹால்டர் உட்காரும் இடத்தைச் சரிசெய்ய வேண்டும். மூக்குப்பட்டை இறுக்கம், பிடரிப்பட்டை தளர்வு என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்க வேண்டியதற்கு நேர் தலைகீழ் அது. நீங்கள் சொன்ன எல்லா அறிகுறியும், அதாவது தலையைத் தூக்குவது, மூக்கைத் தேய்ப்பது, வாயைத் திறப்பது, படுப்பது, இந்த ஒரே காரணத்தால் வரக்கூடியவை.

அல்பாக்காவும் லாமாவும் மூக்கால் மூச்சு விடும் பிராணிகள். மாடு, குதிரை போல நீளமான மூக்கெலும்பு இவற்றுக்கு இல்லை. கண்ணுக்குக் கீழே கொஞ்ச தூரம்தான் எலும்பு, அதற்குப் பிறகு நாசித்துளை வரை வெறும் குருத்தெலும்பு. அந்த மெத்தென்ற இடத்தில் பட்டை விழுந்து கயிறும் இறுகினால் மூச்சுப்பாதை நெரிகிறது. மூச்சு முட்டுகிற குட்டிக்கு நீங்கள் என்ன கற்றுக்கொடுக்க வருகிறீர்கள் என்பது மண்டையில் ஏறாது. அதை அடம் என்று நினைத்து இன்னும் இழுத்தால் பயம் இரட்டிப்பாகும்.

எலும்பு எங்கே முடிகிறது என்று கையால் தொட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு கண்ணுக்கும் நடுவில் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் மூக்குத்தண்டின் இரு பக்கமும் வைத்து, லேசாக அழுத்தியபடி கீழே இறக்குங்கள். கெட்டியாக இருப்பது ஓர் இடத்தில் சட்டென்று விட்டுக்கொடுக்கும். அதுதான் எல்லை. முகத்தில் ரோமம் அடர்த்தியான குட்டி என்றால் ரோமத்தை விலக்கித் தோலின் மேல் தொட வேண்டும். கண்ணால் பார்த்து முடிவு செய்தால் ஏமாந்துபோவீர்கள், ரோமம் மூக்கை நீளமாகக் காட்டும். உங்கள் குட்டிகளின் வயதுக்கு அந்த எலும்பு சில விரற்கடை நீளம்தான்.

இறுக்கியும் ஏன் நழுவுகிறது என்பதுதான் பலருக்கும் பிடிபடாத இடம். தலை ஒரு புனல் போல: கண்ணருகே அகலம், வாயருகே குறுகல். சிறிய வளையத்தைப் புனலின் குறுகிய பக்கத்திலிருந்து ஏற்றினால் பாதியிலேயே நின்றுவிடும். மூக்குப்பட்டையை இறுக்கும்போது அதே கதைதான், பட்டை மேலே ஏற முடியாமல் குருத்தெலும்புப் பக்கமே தங்கிவிடுகிறது. பட்டை கீழே இருப்பதால் காதுக்குப் பின்னால் மிச்சம் விழுகிறது, அந்த மிச்சம் முழுவதும் இழுக்கும்போது முன்னால் வருகிறது. நழுவுகிறதே என்று இன்னும் இறுக்கினால் வளையம் இன்னும் சிறிதாகி, இன்னும் கீழே இறங்கும். மூக்குப்பட்டை மேலே ஏறுகிற அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். அதை அங்கேயே நிறுத்தி வைப்பது பிடரிப்பட்டையின் வேலை.

மாட்டும் முறையும் இதே வரிசைதான். மூக்குப்பட்டையை முழுக்கத் திறந்துவிடுங்கள். மாட்டி, கண்ணுக்குக் கீழே ஒரு விரற்கடை வரை மேலே ஏற்றுங்கள். அந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டு பிடரிப்பட்டையைக் காதுக்கு ஒட்டிப் பின்னால் கொண்டுவந்து, தட்டையாக ஒரு விரல் மட்டும் நுழையும்படி பக்கிளை மாட்டுங்கள். காது மடலின் வேருக்கு நேர் பின்னால், மண்டையை ஒட்டி அமர்ந்தால் அது தொண்டையை அழுத்தாது. கழுத்தில் கீழே இறங்கிக் கிடந்தால்தான் தொல்லை. கடைசியாக, மூக்குப்பட்டையில் தொங்குகிற மிச்சத்தை மட்டும் எடுங்கள். தாடைக்கு அடியில் இரண்டு விரல் தாராளமாகப் போக வேண்டும்.

பிறகு சோதனை. தாடைக்கு அடியில் உள்ள வளையத்தைப் பிடித்து நாசிப் பக்கம் மெதுவாக இழுங்கள். பட்டை அந்த எல்லையைத் தாண்டினால் பிடரி இன்னும் தளர்வு. கண் பக்கம் தள்ளிப் பாருங்கள், கன்னப்பட்டை கண்ணைத் தொடக் கூடாது. கொஞ்சம் வைக்கோல் கொடுங்கள். இவை கீழ்த்தாடையைப் பக்கவாட்டில் ஓட்டி அரைப்பவை, அந்த அசைவு முழுதாக வர வேண்டும். ஐந்து நிமிடம் தின்ற பிறகு மறுபடியும் தொட்டுப் பாருங்கள். நைலான் பட்டையில் சறுக்கு பக்கிள் தானாக இளகுவது உண்டு.

பிடரிப்பட்டையின் கடைசித் துளையிலும் தளர்வு என்றால் பழுக்கக் காய்ச்சிய ஆணியால் புதுத் துளை போடலாம், விளிம்பு உருகி ஒட்டுவதால் நூல் பிரியாது. மூக்குப்பட்டையை முழுக்கத் திறந்தும் மேலே ஏறவில்லை என்றால் அந்த ஹால்டர் அந்தக் குட்டிக்குச் சிறிது, மாற்றித்தான் ஆக வேண்டும். மூக்கு, பிடரி இரண்டும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கக்கூடியதாக வாங்குங்கள். மூக்குப்பட்டை ஒரே அளவாகத் தைத்து வரும் ரகம் வளரும் குட்டிக்கு உதவாது. வளரும் வயது என்பதால் ஒவ்வொரு முறையும் அளவு பார்க்க வேண்டும். ரோமம் கத்தரித்த பின் பிடரிப்பட்டை ஒரு துளை, இரண்டு துளை உள்ளே போகும். இதை மறந்து, நேற்று வரை நன்றாக நடந்தது இன்று முரண்டு பிடிக்கிறதே என்று குழம்புபவர்கள் நிறையப் பேர்.

பாடம் முடிந்ததும் கழற்றிவிடுங்கள். ஹால்டரோடு மேய்ச்சலுக்கு விட்டால் வேலியில் மாட்டும், பின்னங்காலால் முகத்தைச் சொறியும்போது நகம் பட்டைக்குள் சிக்கும்.

தட்டிவேலி

மேலே சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். பிடிக்கும் இடம், பிடிக்கும் விதம் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஹால்டரைக் கண்டதும் தலையைத் தூக்குகிற பழக்கம் அங்கேதான் உண்டாகிறது, அங்கேதான் தீரவும் வேண்டும்.

தட்டிகளை வைத்து மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் ஒரு சிறுபட்டி கட்டுங்கள். இதைவிடப் பெரிதானால் ஓட்டப்பந்தயம் ஆகிவிடும். மிகச் சிறிதானால் குட்டிக்கு விலக இடமின்றி நெருக்கப்பட்டது போல் இருக்கும். அல்பாக்காவுக்கு 1.2 மீட்டர் உயரம் போதும், லாமாவுக்கு 1.5 வேண்டும். தலையோ காலோ நுழைந்து சிக்குகிற இடைவெளி எதுவும் கூடாது, தரை வழுக்கக் கூடாது. நாலு குட்டிகளையும் ஒன்றாக ஓட்டி வந்து, ஒன்றைப் பழக்கும்போது மற்றவற்றை உள்ளேயோ தட்டிக்கு அடுத்தோ கண்ணில் படும்படி வையுங்கள். தனியாகப் பிரித்த குட்டி உங்களைப் பார்க்காது, மந்தையைத்தான் தேடும்.

கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் நேர் முன்னால் வருபவர் வழிமறிப்பவர், நேர் பின்னால் வருபவர் கண்ணுக்குத் தெரியாதவர். இரண்டும் வேண்டாம். கண்ணுக்குப் பின்னால், தோள் பக்கமாக, ஒரு கை நீளத்துக்குச் சற்று அதிகமான தூரத்தில் நில்லுங்கள். முன்னால் வழி திறந்தே இருக்கட்டும். பட்டிக்குள் அது வட்டம் போட்டால் நீங்கள் துரத்த வேண்டாம், நடுவில் நின்று அதோடு திரும்பினால் போதும். வழி அடைபடவில்லை என்று தெரிந்ததும் நிற்கும். மூலையில் தலையைத் திணித்து அழுத்திப் பிடிப்பதுதான் எல்லோரும் செய்வது. அந்த அழுத்தத்தில் குட்டி கற்றுக்கொள்வது, மனிதக் கை வந்தால் திமிற வேண்டும் என்பதை.

நின்றதும், நாலு மீட்டர் மெல்லிய கயிற்றின் நடுப்பகுதியைக் கழுத்துக்கு மேல் போட்டு இரண்டு நுனியையும் ஒரே கையில் பிடியுங்கள். சுருக்கு மட்டும் ஆக்கிவிடாதீர்கள். அந்தக் கயிற்றின் வழியே நெருங்கி, கழுத்தின் உச்சியில், தலை சேரும் இடத்தில், ஒரு கை பிடரியிலும் ஒரு கை தாடைக்கு அடியிலுமாக வளையல் போலப் பிடியுங்கள். வளையல் கையைச் சுற்றி இருக்கும், நெரிக்காது. அந்த அளவுதான். இந்த நீளமான கழுத்து அதற்குச் சமநிலைக் கோல், கழைக்கூத்தாடி கையில் இருக்கும் மூங்கில் மாதிரி. அதை ஒரு பக்கம் இழுத்தால் விழப்போகிறோம் என்ற பயத்தில் துள்ளும். நாலு காலிலும் எடை சமமாக நிற்கிறதா என்று பாதங்களைப் பாருங்கள். உங்கள் மேல் சாய்ந்தால் முட்டுக்கொடுக்காமல் நீங்களே அரையடி நகர்ந்து அதை நேராக நிற்கவிடுங்கள். ரோமத்தைக் கொத்தாகப் பிடிப்பது, காதைத் திருகுவது இரண்டும் அறவே வேண்டாம்.

மாட்டும்போது அதன் பக்கத்தில், அது பார்க்கும் திசையையே பார்த்து நில்லுங்கள். மூக்குப்பட்டையை விரல்களால் அகல விரித்து, கீழேயிருந்து மூக்குக்கு முன்னால் கொண்டுவந்து அப்படியே வைத்திருங்கள். முகரட்டும். தலையைத் திருப்பினால் ஹால்டரைக் கொண்டு மூக்கைத் துரத்தாதீர்கள். உங்கள் உடம்பு அதோடு திரும்பட்டும், வளையம் மறுபடி மூக்குக்கு முன்னால் வந்து நிற்கட்டும். மேலேயிருந்து கவிழ்ப்பது, கண்ணுக்கு நேரே காட்டுவது இரண்டும் தலையைத் தூக்க வைக்கும். துளை, பக்கிள் எல்லாம் முன்கூட்டியே தயார் செய்துகொண்டு போங்கள். குட்டி நிற்கும்போது நீங்கள் பக்கிளோடு போராடினால் கிடைத்த பொறுமை அங்கேயே கரைந்துவிடும்.

முதல் நாள் மாட்டி இரண்டு மூன்று நிமிடத்தில் கழற்றிவிடுங்கள், இதை மூன்று நான்கு தடவை. அடுத்த இரண்டு நாள் ஹால்டரோடு பட்டிக்குள் வைக்கோல் போட்டு, நீங்கள் பக்கத்திலேயே இருந்து, பத்து பதினைந்து நிமிடம். அசைபோடத் தொடங்கினால் ஹால்டரை ஏற்றுக்கொண்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அதுவரை கயிற்றுக்கு வேலை இல்லை.

நிதானநடை

கயிறு என் பங்கு.

லாமாவை ஒருவர் இழுத்து ஒருவர் தள்ளுவதை இன்றோடு நிறுத்துங்கள். விடாமல் ஒரே இழுப்பாக இழுத்தால் எதிர்ப்பக்கம் சாய்வது இவற்றின் இயல்பு. நீங்கள் இருபது கிலோ விசையில் இழுத்தால் அதுவும் இருபது கிலோவைத் திருப்பித் தரும். பின்னால் தள்ளுகிறவருக்கு உதை விழும் வாய்ப்பும் உண்டு. ஒன்பது மாதத்தில் 70 கிலோ இருக்கும் குட்டி முழு வளர்ச்சியில் 130 கிலோவைத் தாண்டும். பலத்தால் நடத்தப் பழக்கியதைப் பிறகு பலத்தால் நடத்த முடியாது.

கயிறு மூன்று மீட்டர் நீளம், விரல் தடிமனுக்குள், கொக்கி சிறியதாக. கனத்த கொக்கி தொங்கினாலே மூக்குப்பட்டை கீழே இறங்கும். தாடைக்கு அடியில் உள்ள வளையத்துக்குப் பதில் முதலில் பக்கவாட்டு வளையத்தில் மாட்டிப் பாருங்கள், தலையைத் திருப்பும் குறிப்பு அங்கே தெளிவாகப் போகும். மிச்சக் கயிற்றை எட்டு வடிவில் மடித்துக் கையில் வையுங்கள், கையைச் சுற்றிக் கட்டிக்கொள்ளக் கூடாது. கொக்கிக்கு ஒட்டிப் பிடிப்பதும் கூடாது. அப்படிப் பிடித்தால் ஹால்டரில் எப்போதும் ஒரு அழுத்தம் இருந்துகொண்டே இருக்கும், குட்டிக்கு எது குறிப்பு, எது சும்மா என்று பிரித்துத் தெரியாது. ஒரு மீட்டராவது தள்ளி நில்லுங்கள், கயிறு நடுவில் தொய்ந்து தொங்கட்டும்.

முதல் பாடம் பட்டிக்குள்ளேயே. நேர் முன்னால் அழைக்காதீர்கள். ஒரு பக்கமாக, சாய்கோணத்தில் நின்று, இரண்டு விரலால் கயிற்றை லேசாக எடுத்து உடனே விடுங்கள். நாலு காலையும் ஊன்றி நிற்பது முன்னோக்கிய இழுப்புக்குத்தான் தாங்கும். பக்கவாட்டில் தலை திரும்பினால் ஒரு முன்னங்காலின் எடை குறைந்தே தீரும். கால் அசைய வேண்டும் என்றுகூட இல்லை, எடை அந்தப் பக்கம் சாய்ந்த கணமே கயிற்றைத் தொய்யவிடுங்கள். கற்பிப்பது அந்தத் தளர்வுதான். அரை வினாடி தாமதித்தால் பாடம் மாறிவிடும், ஏனென்றால் அதற்குள் அது பின்னால் சாய்ந்திருக்கும், அந்தச் சாய்வுக்குத்தான் பரிசு கிடைத்ததாக நினைக்கும். ஒரு அடி வந்ததும் நிறுத்துங்கள், நிற்கவிடுங்கள், மறுபடி கேளுங்கள். நிற்கக் கற்பதும் நடக்கக் கற்பதும் சரிபாதி.

கயிற்றோடு பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தினமும் முடியாவிட்டாலும் வாரம் மூன்று நான்கு தடவை செய்யலாம். அல்பாக்கா பெரும்பாலும் ஆறு முதல் பத்துப் பாடத்தில் தொய்ந்த கயிற்றில் நடக்கும். பட்டிக்குள் நாலைந்து அடி தடுமாறாமல் வந்ததும் இரண்டு பக்கமும் தட்டி வைத்த நடைபாதை, அதன் பிறகு வேலியை ஒட்டி, கடைசியில் திறந்தவெளி. அல்பாக்கா தோழமையை விட்டு நகராத பிராணி, அதனால் நன்றாகப் பழகிய பெரிய ஒன்றை முன்னால் நடத்திப் போனால் குட்டி பின்தொடரும். லாமா தனியாகவும் வரும், ஆனால் புதுப் பொருளைக் கண்டால் நின்று பார்க்கும். பார்க்கவிடுங்கள், காது முன்னால் குவிந்து இருக்கும் வரை அது கற்றுக்கொண்டிருக்கிறது.

படுத்துவிட்டால் கயிற்றை முழுக்கத் தளர்த்தி, பக்கவாட்டில் இரண்டடி நகர்ந்து சும்மா நில்லுங்கள். வாலைப் பிடித்துத் தூக்குவது, காலால் நெம்புவது வேண்டாம். கூட நிற்கும் குட்டியை நாலடி நகர்த்தினால் தானாக எழும். எழுந்ததும் ஹால்டர் நழுவியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சரியாக இருந்தும் மறுபடி படுத்தால் கேட்டது அதிகம் என்று பொருள், ஒரே ஓர் எடை மாற்றத்தைக் கேட்டு வாங்கி அன்றைக்கு முடியுங்கள்.

திடீரென்று மிரண்டு ஓடினால் குதிகாலை ஊன்றி வெடுக்கென்று நிறுத்தாதீர்கள். அதற்காகத்தான் மூன்று மீட்டர். கயிற்றைக் கைக்குள் வழுக்கவிட்டபடி கூடவே நாலடி நடந்து, மெல்ல வட்டமாகத் திருப்புங்கள்.

மேய்ச்சல்வெளி

மிக்க நன்றி. எலும்பின் எல்லையைத் தொட்டுப் பார்த்தோம். மூன்று அல்பாக்காவுக்குமே மூக்குப்பட்டை குருத்தெலும்பின் மேல்தான் இருந்தது. மூக்கைத் தளர்த்திப் பிடரியை இறுக்கியதும் தேய்ப்பது நின்றுவிட்டது, இரண்டு குட்டிகள் ஹால்டரோடு அசைபோடுகின்றன. லாமாவுக்கு மூக்குப்பட்டை முழுக்கத் திறந்தும் ஏறவில்லை, பெரிய அளவு வாங்க வேண்டும்.

வாய் திறந்து மூச்சு விட்ட குட்டி பற்றி இன்னும் கவலை. தீனி, கம்பத்தில் கட்டுவது இரண்டுக்கும் பதில் வேண்டும். ஆண் குட்டி மட்டும் பட்டிக்குள் நெருங்கி வந்து உரசுகிறது. அதுதான் சீக்கிரம் பழகும் போலத் தெரிகிறது, சரிதானே?

மருந்துப்பெட்டி

வாய் திறப்பதில் இரண்டு வகை உண்டு, பிரித்துப் பாருங்கள். துப்பிய பிறகு கீழுதடு தொங்கி, பச்சை எச்சில் ஒழுக, வாய் கொஞ்ச நேரம் தளர்ந்து இருக்கும். மூச்சு அமைதியாகத்தான் இருக்கும், தானாகச் சரியாகும். மற்றது, விலா வேகமாக ஏறி இறங்க, நாசி விரிய, வாயால் மூச்சு வாங்குவது. அப்போது உடனே ஹால்டரைக் கழற்றி நிழலில் விடுங்கள். சில நிமிடத்தில் அடங்கினால் பட்டையோ பயமோ வெயிலோ காரணம். ஹால்டர் இல்லாமல் ஓய்வாக நிற்கும்போதும் வாயால் மூச்சு விட்டால் அது பழக்கத்தின் பிரச்சினை அல்ல, தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வெயிலுக்கு ஒரு கணக்கு. ஃபாரன்ஹீட்டில் வெப்பநிலையையும் காற்றின் ஈரப்பத சதவீதத்தையும் கூட்டுங்கள். 120க்குள் என்றால் கவலை இல்லை. 150ஐத் தாண்டினால் எச்சரிக்கை வேண்டும், 180 என்றால் ஆபத்து. 90 டிகிரியும் 70 சதவீதமும் சேர்ந்தால் 160 ஆகிவிடுகிறது, அதனால் விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். ரோமம் கத்தரிக்காத குட்டிக்கு இன்னும் கவனம் தேவை. ஊசி போட்ட நாள், ரோமம் கத்தரித்த நாள், பால் மறக்கவைத்த முதல் இரண்டு வாரம் ஆகியவற்றில் பாடமே வேண்டாம்.

கம்பத்தில் கட்டுவது: பழகாத குட்டி கயிற்றின் எல்லைக்குப் பாய்ந்து வெடுக்கென்று நின்றால் கழுத்தெலும்பில் அடிபடலாம். அந்த நீளக் கழுத்து இந்த உலுக்கலுக்கு ஆனது அல்ல. தொய்ந்த கயிற்றில் நன்றாக நடந்து, லேசான குறிப்புக்குத் தலையைக் கொடுக்கப் பழகிய பிறகுதான் கட்ட வேண்டும். அதையும் முதலில் கட்டாமல், கயிற்றைக் கம்பத்தில் ஒரே ஒரு சுற்றுச் சுற்றி நுனியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பின்வாங்கினால் கயிறு கம்பத்தில் உரசியபடி கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும், திடீர் நிறுத்தம் இருக்காது. நிஜமாகக் கட்டும் நாளில் நட்ட கம்பம் வேண்டும், கதவோ தட்டியோ கூடாது. முதுகு உயரத்தில், கால் கயிற்றைத் தாண்ட முடியாத நீளத்தில், நுனியை இழுத்தால் அவிழும் முடிச்சாகப் போட்டு, ஐந்து நிமிடம் கூடவே நில்லுங்கள்.

தீனியில் எனக்குத் தயக்கம் உண்டு. குச்சித் தீவனத்தைப் பதற்றத்தில் அவசரமாக விழுங்கினால் அல்பாக்காவுக்குத் தொண்டைக்குழாயில் அடைத்துக்கொள்ளும். கையிலிருந்து தின்னப் பழகிய ஆண் குட்டி பிறகு கையையும் சட்டைப்பையையும் விடாது.

தட்டிவேலி

தீனி விஷயத்தில் மருந்துப்பெட்டியோடு முழுக்க உடன்பட முடியவில்லை. கையில் கொடுப்பது வேண்டாம் என்பது சரி, குச்சித் தீவனம் வேண்டாம் என்பதும் சரி. ஆனால் ஏற்கெனவே ஹால்டரைக் கண்டு பயந்த குட்டிக்கு, மூக்கைத் தானாக நுழைக்கக் கற்பிக்கத் தீனியைப் போல் சுலபமான வழி இல்லை.

வாய் அகன்ற ஒரு கிண்ணத்தில் பொடியாக நறுக்கிய வைக்கோல் வையுங்கள். மூக்குப்பட்டையை முழுக்க விரித்துக் கிண்ணத்தின் வாய்க்கு மேலே பிடியுங்கள், பிடரிப்பட்டை திறந்தே இருக்கட்டும். தின்ன வேண்டுமானால் மூக்கு வளையத்தின் வழியே போக வேண்டும். முதலில் நுனி மூக்கு மட்டும் போகும், இரண்டு வாய் தின்றுவிட்டு எடுத்துக்கொள்ளும். எடுக்கவிடுங்கள். வளையம் பின்தொடரக் கூடாது, அது அங்கேயே இருக்க வேண்டும். கண் வரை நுழைத்து நிதானமாகத் தின்னும் வரை பக்கிளைத் தொடாதீர்கள். வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம் என்று தெரிந்த குட்டிதான் நுழைக்கும். நடத்தும்போது மட்டும் தீனி வேண்டாம். முன்னால் கிண்ணத்தைக் காட்டி நடத்தினால் அது கிண்ணத்தைத்தான் பின்தொடரும், கயிற்றின் குறிப்பு காதில் விழாது.

நெடுங்கழுத்து

ஆண் குட்டி பற்றி. உரசுவதைச் செல்லம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மனிதரை மந்தையில் ஒருவராக எண்ணி வளரும் ஆண் குட்டி, பருவம் வந்ததும் மனிதரைப் போட்டி ஆணாக நினைத்து மோதவும் கடிக்கவும் வரும். புட்டிப்பால் குடித்துத் தனியாக வளர்ந்தவற்றில் இது அதிகம், லாமா என்றால் உயிருக்கே ஆபத்து. ஹால்டர் பாடத்தை நிறுத்த வேண்டியதில்லை, அது நல்லதுதான். அணைப்பதும் கழுத்தைத் தடவிக் கொஞ்சுவதும்தான் வேண்டாம். நெருங்கி வந்தால் நீங்கள் விலகாதீர்கள், அதன் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டி ஒரு கை நீளத்துக்கு அனுப்புங்கள். நடக்கும்போதும் உங்கள் தோளில் இடிக்காமல் அதே தூரத்தில் வரட்டும். மற்ற நேரம் அதே வயது ஆண் குட்டிகளோடும், அதட்டி வைக்கத் தெரிந்த பெரியவற்றோடும் இருக்கட்டும். தன் எல்லையை அவை சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு நம்மால் முடியாது.

நிதானநடை

கழற்றுவதைப் பற்றி யாரும் எழுதவில்லை. மாட்டுவதைவிட அங்கேதான் அதிகம் கெடுகிறது.

பிடரிப்பட்டையைத் திறந்ததும் குட்டி தலையை உருவிக்கொண்டு ஓடினால், அந்த இழுப்பில் மூக்குப்பட்டை குருத்தெலும்பின் மேல் உரசி வெளியே வரும். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் மூக்கில் ஒரு வலி என்றால் அடுத்த முறை ஹால்டரைப் பார்த்ததும் தலை மேலே போகாமல் என்ன செய்யும்? ஆகவே திறந்தவெளியில் கழற்ற வேண்டாம், சிறுபட்டிக்கே கொண்டுவாருங்கள். தோழர்கள் நிற்கும் பக்கத்துக்கு எதிராக, முகம் தட்டியைப் பார்த்தபடி நிறுத்துங்கள். கயிற்றின் நடுப்பகுதியை முதலில் கழுத்தின் மேல் போட்டுக்கொண்டு, பிறகு கொக்கியை எடுங்கள். பக்கிளைத் திறந்து, பிடரிப்பட்டையின் இரண்டு நுனியையும் காதுக்குப் பின்னால் கையாலேயே சேர்த்துப் பிடித்திருங்கள். ஹால்டர் திறந்தும் திறக்காத நிலை அது. தலை அசையாமல், நாலு காலிலும் நேராக நின்று, ஒரு மூச்சை நீளமாக விடும் வரை காத்திருங்கள். அதன் பிறகு இரண்டு கையாலும் மூக்குப்பட்டையை அகல விரித்து, மூக்கைத் தொடாமல் கீழ்ப்பக்கமாக இறக்குங்கள். ஹால்டர் கையில் வந்த பிறகும் கழுத்தின் மேல் கயிறு இருக்கும், இரண்டு மூன்று வினாடி அப்படியே நிற்கட்டும். கடைசியில் கயிற்றை வழுக்கி எடுத்துவிட்டு நீங்கள் முதலில் ஒரு அடி பின்வாங்குங்கள், குட்டி பிறகு போகட்டும்.

இதற்கு இரண்டு நிமிடம் பிடிக்கும். பத்து நிமிடப் பாடம் என்றால் எட்டாவது நிமிடத்திலேயே பட்டிக்குத் திரும்பிவிடுங்கள்.